தொப்புளுக்கு நேராக ஒரு கயிறு

அருள்,

நீ கோபத்தில் இருக்கிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாய் என்ற பயத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலிலேயே வரிசையாக எழுதிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்காரனாகவே காலம் தள்ளியவனுக்கு வேறு விதமாக எழுத வராது.

1. தையற்கடையில் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன்.
2. தராசை நம்பி நான் கெட்டது.
3. உன் சித்தப்பாவின் உடம்பு.
4. வயிற்றை எங்கே, எப்படி அளப்பது.
5. உனக்கு வாய்த்திருப்பது சித்தப்பாவின் உடம்பு, என்னுடையது அல்ல. ஆகவே நான் சொல்வதை அந்த ஆபத்துக்கு வெளியே நிற்கிற ஒருவனின் சொல்லாக நீ எடுத்துக்கொள்ளலாம்.
6. கல்யாணத்துக்கு முன் நீ செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம்.

ஹட்டனில் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போன அன்று நாம் ஐந்து பேர் இருந்தோம். நீ, நான், உன் வருங்கால மாமனார், அவருடைய மகன், தையற்கடை பாய். பாய் அளவு நாடாவை உன் வயிற்றுக்குக் கீழே, காற்சட்டையின் பட்டி நிற்கிற இடத்தில் சுற்றினார். "முப்பத்திரண்டு. தம்பிக்கு இடுப்பு மாறவே இல்லைங்க. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப தச்ச அதே அளவு" என்றார். உனக்குச் சந்தோஷம். அந்தப் பட்டிக்கு மேலே சட்டையின் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுளில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத நான் அன்றைக்கு ஏனோ திறந்தேன். "பாய், கொஞ்சம் மேல புடிச்சுப் பாருங்க. தொப்புளுக்கு நேரா." பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அங்க காற்சட்டை நிக்காதுங்க ஐயா. வேணும்னா மாப்பிள்ளைக்குப் பாவாடை தச்சுத் தர்றேன்." எல்லோரும் சிரித்தார்கள். உன் மச்சான்தான் அதிகம் சிரித்தான். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நாடாவை வாங்கி நானே உன் வயிற்றில் சுற்றப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக, "என்னைய என்ன, ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையில நிக்க வச்சிருக்கீங்களா?" என்றாய். சம்பந்தியின் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஏங்க, மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?" என்று கேட்டார். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய்யும் உடனே வராது, உண்மையும் உடனே வராது.

பஸ் நிலையத்தில் நீ சொன்னதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் அதை மறந்துவிட்டதாக நீ நினைப்பாய். "ஆயுசு பூரா எல்லாரையும் நிறுத்து நிறுத்துப் பாத்தீங்களே, எத்தன பேரப் பொழைக்க வச்சீங்க? சித்தப்பாவ வச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொழும்பு பஸ்ஸில் ஏறினாய். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சம்பந்தி வீட்டு அம்மா உன் அம்மாவைப் பக்கமாக அழைத்து, "தம்பிக்குச் சின்ன வயசுல இழுப்பு கிழுப்பு ஏதும் இருந்துச்சாங்க? சும்மாத்தான் கேக்குறேன்" என்றிருக்கிறார். சும்மா யார் கேட்பார்கள்? அம்மா அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன். இந்த மலையில் நாம் எல்லாவற்றையும் தராசில் போட்டுத்தான் புரிந்துகொண்டோம். தேயிலைக் கொழுந்தை நிறுத்தார்கள், அரிசியை நிறுத்தார்கள், நான் மனிதரை நிறுத்தேன். எழுபதுகளின் நடுவில் மாவும் அரிசியும் இல்லாமல் போன அந்த வருஷங்களில் நீ அரைக் காற்சட்டைப் பையன். உனக்குப் பசி ஞாபகம் இருக்கும். நான் பார்த்தது ஞாபகம் இருக்காது. ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்ற பெண்களின் பாரம் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போனது. நான் அதைப் பதிந்து தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. மெலிந்தவர்கள்தான் செத்தார்கள். ஆகையால் மெலிவுதான் வியாதி, தசை இருந்தால் சுகம் என்று என் கண் பழகிவிட்டது. அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவனுக்குத் தொந்தி இருந்தால் நாங்கள் அவனைப் பார்த்துக் கவலைப்படவில்லை. பொறாமைப்பட்டோம்.

உன் சித்தப்பாவுக்குத் தொந்தி இருந்தது. கையும் காலும் என்னைப் போல குச்சிதான். ஆனால் கம்பளிச் சட்டைக்குள் ஒரு பூசணிக்காயை ஒளித்து வைத்தது போல வயிறு முன்னால் நிற்கும். அவன் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பெண்களின் கொழுந்துச் சாக்குகளைத் தராசில் மாட்டி, சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழித்துப் பதிகிற வேலை. அதனால் அவனைப் பலருக்குப் பிடிக்காது, ஆனால் அவன் பேச்சைப் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை உத்தியோகத்தர்களுக்கு உடம்பு பார்க்கும் நாளில் என் தராசில் ஏறி நின்றுகொண்டு, வரிசையில் நிற்கிற பெண்களுக்குக் கேட்கும்படியாக, "அண்ணே, ஈரத்துக்குக் கழிச்சிட்டீங்களா?" என்பான். வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்களுக்குக் கழிக்கிற மாதிரியே கழிங்க டாக்டரையா. கணக்கப்பிள்ளை ஐயா ஒண்ணுமில்லாமப் போயிருவாரு" என்று சொல்வாள். அவனும் சிரிப்பான். நான் சுவரில் தொங்கிய உயர எடைப் பட்டியலைப் பார்த்து, சரி என்று பதிந்து இறக்கிவிடுவேன்.

அந்தப் பட்டியலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அது வெள்ளைக்காரக் கம்பனி காலத்தில் துரைமாருக்காகக் கடல் கடந்து வந்த கடதாசி. அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு துரைமார் போனார்கள். பட்டியல் ஆணியில் அப்படியே தொங்கியது. இன்ன உயரத்துக்கு இன்ன பாரம் என்றுதான் அதில் இருக்கும். பாரம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று அது கேட்காது. உன் சித்தப்பாவின் கையிலும் காலிலும் குறைந்ததை வயிறு ஈடுசெய்தது. கூட்டினால் சரியாக வந்தது. கூட்டுத்தொகை சரியாக வந்தால் கணக்கும் சரி என்று நம்புகிற புத்தி என்னுடையது. இதில் எனக்கு ஆறாத கசப்பு ஒன்று உண்டு. ஒருநாள் மடுவத்தில் அவன் தராசில் தொங்கிய சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவதைப் பார்த்து, பாரம்தான் தெரிகிறதே, பிறகு ஏன் என்று கேட்டேன். "தராசு பாரத்தத்தான் சொல்லும்ணே. உள்ள இருக்கிறது கொழுந்தா, முத்தலா, தண்ணியான்னு கைய விட்டாத்தான் தெரியும்" என்றான். அதைச் சொன்னவனைத்தான் நான் வருஷா வருஷம் கையை வைத்துப் பார்க்காமல் நிறுத்து அனுப்பினேன். அவனுக்கும் தோன்றவில்லை. கொழுந்தைப் பற்றித் தெரிந்ததை உடம்பைப் பற்றி யோசிக்க எங்கள் இருவருக்கும் வரவில்லை.

அவன் போன காலையைப் பற்றி நீ பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறாய். நீ அப்போது கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இங்கே அக்கரப்பத்தனையில் அன்றைக்கு நல்ல மழை. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிகிற பெரட்டு முடிந்ததும் அவன் நேரே மலைக்குப் போகாமல் என்னிடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்குண்ணே. ராத்திரி தின்ன பலாக்கொட்ட வேலையக் காட்டுது" என்றான். முகத்தில் வியர்வை. மழை நாளில், அந்தக் குளிரில் வியர்வை. நான் அதைப் பார்த்தேன். ஆனால் நெஞ்சு வியாதிக்காரன் என்றால் என் மனதில் இருந்தது கழுத்தே தெரியாத பழைய துரை ஒருவரின் உருவம். பட்டியலில் சரியாக நிற்கிற, கை கால் ஒடுங்கிய மனிதனுக்கு அது வராது. வாயு மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதுலயும் தண்ணியக் கூட ஊத்திட்டீங்க" என்றான். அதுதான் அவன் எனக்குச் சொன்ன கடைசிப் பகிடி. வாசல் படியில் சரிந்தான். கொழுந்து லொறியில் படுக்கவைத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். வழியில் நானுஓயாவைத் தாண்டவில்லை. உயிர் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். டிரைவரிடம் சொல்லவில்லை. அவர் வேகமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் சிங்கள டொக்டர் இருந்தார். அவர் என்னிடம் முதலில் கேட்டது, இவருக்குச் சீனி வியாதி எவ்வளவு காலமாக என்பது. இல்லை என்றேன். சோதித்தீர்களா என்றார். சோதிக்கவில்லை. நீலக் கரைசலில் சிறுநீர் விட்டுச் சூடாக்கிப் பார்க்கிற வேலையை நான் மெலிந்துகொண்டே போகிறவர்களுக்குத்தான் செய்வேன். பாரம் சரியாக இருந்தது என்று சொன்னேன். டொக்டர் உன் சித்தப்பாவின் சட்டையை விலக்கி, ஒரு பண்டேஜ் சுருளை எடுத்து வயிற்றைச் சுற்றி, சுற்று முடிந்த இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு அதே நீளத்தை உட்காரும் பகுதியின் பருத்த இடத்தில் சுற்றிக் காட்டினார். துணி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மிச்சமும் கிடந்தது. அங்கே எட்டாமல் போயிருக்க வேண்டும் என்றார். வெளிநாட்டில் இப்போது இதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள், மொத்தப் பாரத்தைவிட வயிற்றில் சேருகிற கொழுப்புத்தான் இருதயத்துக்கும் சீனிக்கும் கெடுதல், நம்முடைய ஆட்கள் ஒல்லியாக இருந்துகொண்டே வயிறு வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டி மேசையில் வைத்தார். செத்துப்போன என் தம்பியை வைத்து எனக்குப் பாடம் நடத்தியதற்காக அந்த மனிதர் மேல் வெகுநாள் ஆத்திரமாக இருந்தது. இப்போது இல்லை. வேறு யாரை வைத்து நடத்துவார்?

பசித்து வளர்ந்த உடம்பு பிற்பாடு சோற்றைக் கண்டால் அதை வயிற்றுக்குள் பதுக்கி வைக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதை நான் எங்கும் படிக்கவில்லை. என் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன்னையும் அந்தப் பசியில்தான் வளர்த்தோம். இப்போது கொழும்பில் கதிரையை விட்டு எழும்பாத உத்தியோகம், கடைச் சோறு, சாயங்காலம் சினேகிதர்களோடு வேறு என்னவோ. தோட்டத்தில் மலை ஏறி இறங்குகிறவனுக்கே அப்படி ஆனது. நீ ஏறுவது மின்தூக்கி.

இனி அளக்கும் முறை. பாயைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அளந்தது துணிக்கு. காற்சட்டையும் இடுப்பில் கட்டுகிற சாரமும் வயிறு வளர வளர அதற்குக் கீழே இறங்கிக்கொள்ளும். ஆகவே பட்டியின் அளவு வருஷக்கணக்கில் மாறாது. அதை வைத்து உடம்பு மாறவில்லை என்று நினைப்பது நம்மைப் போன்ற ஒல்லிக்குச்சிகள் எல்லோரும் செய்கிற பிழை. காலையில், வெறும் வயிற்றில், சட்டையைக் கழற்றிவிட்டு நேராக நில். விலாவின் கடைசி எலும்பைக் கையால் தொட்டுப் பார், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய தொப்புளுக்கு நேராகக் கயிற்றைச் சுற்று. முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் போகக் கூடாது. வயிற்றை உள்ளே இழுக்காதே. கண்ணாடிக்கு முன்னால் எல்லோரும் இழுப்பார்கள். மூச்சைச் சாதாரணமாக விட்டு, விட்ட நிலையில் கயிற்றைப் பிடி. சதையை அமுக்காமல் பிடி. அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடு. அதே நீளத்தை உட்காரும் பகுதியின் பருத்த இடத்தில் சுற்று. எட்டாமல் இடைவெளி விட்டால் நல்லது. முட்டினாலும் மேலே ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. கயிறு வியாதியைச் சொல்லாது. போய்ப் பார் என்று மட்டும்தான் சொல்லும். இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துச் சொல்ல வேண்டியது அங்கே இருப்பவர்கள். கயிறு எட்டாவிட்டாலும் உன் சித்தப்பாவின் சாவை நினைத்து ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது.

ஐந்தாவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்தே நீ அவன் சாயல்தான். அவன் தோளில்தான் வளர்ந்தாய், நடையும் அவன் நடை. என் உடம்பு வேறு வகை. "ஒங்கப்பாவ சேலை காயப்போடுற கொடியிலயே காயப்போடலாம்" என்று அம்மா சொல்வதை நீ கேட்டிருக்கிறாய். அந்தப் பட்டியலில் என் பாரம் எப்போதும் ஒரு கோடு கீழேதான் நின்றது. ஆகையால் எனக்காகப் பயந்து உன்னிடம் பேசுகிறேன் என்று நினைக்காதே. தம்பியை விட்ட அதே கண்ணால் மகனையும் விட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான்.

ஆறாவது, கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன் ஒரு காலை வேலைக்கு லீவு போட்டு இந்தச் சோதனைகளைச் செய்துகொள். முடிவு என்னவாக இருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். நீ கட்டப்போகிற பிள்ளையிடம் மட்டும் சொல். உன் சித்தி வெள்ளைச் சேலையோடு நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "நீங்க வருசா வருசம் நல்லா இருக்காருன்னு எழுதிக் குடுத்தீங்களே மச்சான்" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னொரு பெண் கேட்கிற இடத்தில் நான் இருக்க விரும்பவில்லை.

இதோடு முடித்துக் கடிதத்தை ஒட்டியிருப்பேன். உனக்கு ஒரு கயிற்றையும் உள்ளே வைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். நாடா தேடி அலைய மாட்டாய் என்று தெரியும். தேயிலைச் சாக்குத் தைக்கிற நூலில் ஒரு துண்டு வெட்டினேன். ஒருவனைச் சுற்ற நீளம் போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அளக்க வேறு யாரும் இல்லாததால் கோட்டையும் இரண்டு கம்பளிச் சட்டைகளையும் கழற்றிவிட்டு என் வயிற்றிலேயே சுற்றினேன். நம் ஊர்க் குளிரில் ஒருவன் தன் உடம்பை வெளிச்சத்தில் பார்ப்பது அபூர்வம். குளிப்பதும் புகை மண்டிய அறையில் அவசர அவசரமாக. முடிச்சுப் போட்டேன். நீளம் போதும் என்று தெரிந்துவிட்டது. விட்டிருக்கலாம். நான் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லையே, அதே நீளத்தைக் கீழேயும் சுற்றினேன்.

நூல் வழுக்கியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் அளந்தேன். அம்மா கதவருகில் வந்து நின்று, "என்ன, இந்த வயசுல மாப்பிள்ளைக்கு அளவெடுக்குறீங்களா?" என்றாள். கோயில் வாசல் பேச்சுக்குப் பிறகு, இரண்டு வாரம் கழித்து அவள் என்னைக் கேலி செய்தது அப்போதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து நூலைத் தன் கையில் வாங்கி அவளே சுற்றிப் பார்த்தாள். கீழே சுற்றியபோது முடிச்சு மறுமுனையைத் தாண்டி அதன் மேல் ஏறிக்கொண்டது.

ஆகவே ஐந்தாவதாக நான் எழுதியது பிழை. அதை அடித்துவிட்டு வேறு கடதாசியில் எழுதியிருக்கலாம். நீ பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன். சித்தப்பாவின் உடம்பு தனி உடம்பு இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே உடம்பு, உனக்கும் அதுதான். தம்பியைப் போலவே என்னையும் நான் நிறுத்தேனே தவிர அளக்கவில்லை. புதன்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறாள். அங்கிருந்து ஹட்டனுக்கும் போய், சம்பந்தியிடம், அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தவன் நான்தான், அந்தக் குழப்பத்தில்தான் நாடாவைப் பிடுங்கினேன் என்று சொல்லப் போகிறேன். சொல்லும்போது இந்தத் தடவை வாய் தடுமாறாது. பொய் சொல்லவில்லை அல்லவா.

நூலை உள்ளே வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற முடிச்சு என் வயிறு. உன்னுடையதை அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நீயே போட்டுக்கொள்.

அப்பா